எட்டாம் நம்பர் இன்ஜினுக்கு மணி எந்தப் பக்கம்?

மார்ச் 4, செவ்வாய்

ஊரே இருமுகிறது. மருந்துக்கடையில் இன்று உட்கார நேரமில்லை. இருமல் மருந்தைக் கொடுத்துக் கொடுத்துக் கடைசியில் நானும் இருமினேன்.

வீட்டுக்கு வந்தால் அவர் காலையில் உட்கார்ந்த அதே நாற்காலியில், அதே ஜன்னலைப் பார்த்தபடி. தட்டில் வைத்தது பாதி அப்படியே இருக்கிறது. "வலிக்குதா?" என்றேன். "ம்ஹும்." "பசிக்கலையா?" "ம்." கல்யாணமாகி இத்தனை வருடத்தில் இந்த மனுஷன் இவ்வளவு சிக்கனமாகப் பேசி நான் பார்த்ததில்லை.

கால் எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம், நடக்கத்தான் வேண்டும் என்று டாக்டர் சொல்லியாகிவிட்டது. பிசியோதெரபி பெண் வந்து கெஞ்சுகிறாள், மிரட்டுகிறாள். இவர் வாக்கரைப் பிடித்துக்கொண்டு குளியலறை வரை போவார். அதற்கு மேல் ஓர் அடி கிடையாது. அவள் ஒரு சின்ன மரப்படி கொண்டு வருகிறாள், ஒரு சாண் உயரம்கூட இருக்காது. அதில் காலை வை என்றால் இவர் முகம் வெளிறிப்போகிறது.

லைன்மேன். புயலோ மழையோ, மின்கம்பத்தில் விறுவிறுவென்று ஏறுகிற ஆள். விழுந்தது எங்கள் சமையலறை ஸ்டூலில் இருந்து, பல்பு மாற்றும்போது. கூட வேலை செய்கிறவர்கள் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்துவிட்டு, வெளியே போய்ச் சிரித்தார்கள். அது இவர் காதில் விழுந்துவிட்டது. யானைக்கும் அடி சறுக்கும்னு சொல்வாங்களே என்று ஆறுதல் சொன்னேன். "யானை ஸ்டூல்ல ஏறாது" என்றார். அவர் கடைசியாகப் பேசிய முழு வாக்கியம் அதுதான்.

எழுந்து நடப்பாரா? இல்லை, இனிமேல் அந்த நாற்காலிதான் என் புருஷனா? கடையில் எல்லோருக்கும் மருந்து எடுத்துக் கொடுக்கிறேன். இதற்கு எந்த அலமாரியில் தேடுவது?

மார்ச் 7, வெள்ளி

மகன் ஒரு பார்சல் அனுப்பியிருக்கிறான். உள்ளே வெட்டித் தயாராக வைத்த பித்தளைத் தகடுகள், சின்னச் சின்னச் சக்கரங்கள், ஊசிமுனை அளவுக்கு ஆணிகள். ஒட்டிச் சேர்த்தால் ஒரு நீராவி இன்ஜின் ஆகுமாம். பெரிய ரயில் இழுக்கிற இன்ஜின் இல்லை. ஷண்டிங் இன்ஜின், அதாவது ஆலைக்குள்ளும் யார்டிலும் சரக்குப் பெட்டிகளைத் தள்ளி, கோத்து, பிரித்து வைக்கிற குட்டி இன்ஜின். ரயில்களில் இது எடுபிடி.

மகனிடம் போனில் கேட்டேன், அப்பா என்ன குழந்தையா என்று. "கையை வேலைல வச்சாதாம்மா அப்பா மனுஷன். ஒரு வாரம் பாரு. பிடிக்கலைன்னா தூக்கிப் பரண்ல போடு" என்றான்.

அவர் பெட்டியைத் திறந்தும் பார்க்கவில்லை.

மார்ச் 8, சனி

பார்த்துவிட்டார்!

டீ கொண்டுபோனால் மடியில் பெட்டி, கையில் விளக்கத்தாள், முகத்தில் கோபம். எனக்கு அந்தக் கோபத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அத்தனை நாளாயிற்று அவர் முகத்தில் ஏதாவது ஒன்றைப் பார்த்து.

"இதைப் படி" என்றார். படித்தேன். 'காகித ஆலை இன்ஜின், எண் 8. தண்ணீர்த் தொட்டியின் இடது பக்கம் எச்சரிக்கை மணி. வண்ணம் பற்றித் தகவல் இல்லை. விருப்பம்போல் பூசிக்கொள்ளவும்.'

"விருப்பம்போலன்னா? ரோஸ் கலர் அடிக்கலாமா? புள்ளி வைக்கலாமா? ஒரு இன்ஜின் நிஜமா ஓடியிருக்கு. ஒருத்தன் அதுக்கு நிஜமா பெயின்ட் அடிச்சிருக்கான். அது என்ன கலர்னு கேக்க ஒருத்தனுக்கும் தோணலையா?"

இத்தனை நாள் சேர்த்து வைத்த பேச்சை ஒரே மூச்சில் பேசினார். நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். "நான் கண்டுபிடிச்சுட்டு வர்றேன்" என்று சொல்லிவிட்டேன். ரயிலில் ஏறத் தெரியும் எனக்கு. அதற்கு மேல் ரயிலைப் பற்றி என்ன தெரியும்?

மார்ச் 10, திங்கள்

பெட்டியில் இருந்த நம்பருக்குப் போன் செய்தேன். கம்பெனி என்று நினைத்தேன். ஒரே ஒரு ஆள். பகலில் பள்ளிக்கூடத்தில் கணக்கு சொல்லிக்கொடுக்கிறார், மற்ற நேரம் கார் ஷெட்டில் உட்கார்ந்து இந்தப் பெட்டிகளைத் தயார் செய்கிறாராம். வாத்தியார் நல்ல மாதிரி. "எனக்குக் கிடைச்சது ஒரே ஒரு போட்டோதான் மேடம். கருப்பு வெள்ளை. அதை வச்சுத்தான் மொத்த அளவும் போட்டேன்" என்றார். அந்த போட்டோவின் பிரதிதான் விளக்கத்தாளின் பின்பக்கம் இருக்கிறது. செங்கல் சுவர், முன்னால் இன்ஜின், இடது பக்கம் பார்த்த புகைபோக்கி, வட்டத் தகட்டில் 8, தொட்டியின் மேல் மணி. பக்கத்தில் ஒரு மெலிந்த மனிதர் இன்ஜின் மேல் கை வைத்து நிற்கிறார், தன் வீட்டு மாட்டின் மேல் கை வைத்த மாதிரி.

ஆலை இருந்த ஊர் இங்கிருந்து ஒரு பஸ் தூரம்தான்.

இங்கே இவர் சால்டரிங் கம்பியைச் சூடு பண்ணிவிட்டார். வீடெல்லாம் ஈய வாசனை. திட்டினேன். சந்தோஷமாகத்தான் திட்டினேன்.

மார்ச் 12, புதன்

வார விடுமுறை. பஸ் பிடித்துப் போனேன்.

ஒரு ஊரில் பழைய மனிதர்களைத் தேட வேண்டுமென்றால் எங்கே போக வேண்டும்? நூலகம் என்பார்கள். இல்லை. மருந்துக்கடை. யாருக்கு என்ன வயது, யார் வீடு எங்கே, யார் போன வாரம் மாத்திரை வாங்க வரவில்லை, எல்லாம் எங்களுக்குத்தான் தெரியும். அந்த ஊர்க் கடைக்காரரிடம் நானும் மருந்துக்கடைதான் என்றேன். ஸ்டூல் போட்டு உட்கார வைத்தார். ஆலை இன்ஜின் ஓட்டினவர் வீட்டில் யாராவது இருக்கிறார்களா என்றேன். "ட்ரில் டீச்சரைக் கேளுங்க, அவங்க அப்பாதான் டிரைவர். ரெண்டாவது தெரு. காலைல மைதானத்தை நாலு சுத்து சுத்திட்டு இப்பதான் பிரஷர் மாத்திரை வாங்கிட்டுப் போறாங்க" என்றார்.

டீச்சர் ரிட்டையராகிப் பல காலம். இன்னும் விசில் ஊதுகிற குரல். போட்டோவைக் கொடுத்தேன். வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"அப்பாதான்... ஆனா அப்பா மாதிரி இல்லையே. எங்கயோ இடிக்குதே."

கலர் கேட்டேன். யோசிக்கவே இல்லை. "கருநீலம். சக்கரத்துக்குச் சிவப்பு. லீவு நாள்லகூடப் போய்த் துடைப்பாரு. எங்கம்மா கேப்பாங்க, நீங்க கட்டிக்கிட்டது என்னையா அதையான்னு."

கருநீலம்! எழுந்து ஆடாத குறை. அதற்குள் அவரே போட்டோவைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டு, "மணிதான் தப்பா இருக்கு" என்றார்.

அப்புறம் என்னைத் தெருக்கோடிக்கு இழுத்துக்கொண்டு போனார். ஸ்டேஷனில் இருந்து ஆலைக்குப் போன பழைய தண்டவாளம் புல்லுக்குள் இன்னும் கிடக்கிறது. ஆலையைப் பார்த்து நின்றால், ஊழியர் வீடுகள் எல்லாம் வலது பக்கம். "ஜன்னல்ல உக்காந்து மணியைப் பார்ப்பேன். அப்பா எங்க வீட்டுக்கிட்ட வர்றப்போ கயிறைச் சுண்டுவாரு. மணி எங்க பக்கம் இருந்துச்சு. எப்பவும் எங்க பக்கம்."

"இன்ஜின் திரும்பி வரும்போது மணி அந்தப் பக்கம் போயிடாதாங்க டீச்சர்?"

"எங்கேம்மா திரும்பும்? இதைத் திருப்பிவிட இங்க ஒண்ணும் கிடையாது. போறப்போ முன்னால போகும், வர்றப்போ பின்னாலயே வரும். அதோட ஆயுசுக்கும் புகைபோக்கி ஆலையைப் பார்த்துத்தான்."

இரண்டு கையையும் நீட்டிப் பார்த்துக்கொண்டேன். புகைபோக்கி ஆலையைப் பார்க்கிறது. வீடுகள் வலது பக்கம். அப்படியானால் மணி வலது பக்கம். போட்டோவில் இடது பக்கம்!

பஸ்ஸில் வரும்போது சக்கரம் சிவப்பு, சக்கரம் சிவப்பு என்று உதடு தானாகச் சொல்லிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டுக்காரி கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தாள்.

மார்ச் 13, வியாழன்

கருநீலத்தைக் கேட்டு அவர் முகம் மலர்ந்தது. மணியைக் கேட்டதும் கூம்பிவிட்டது. காரணம், இடது பக்கத் தொட்டியில் மணியை நேற்றுத்தான் பற்றவைத்திருக்கிறார். மயிரிழை பிசகாமல், அத்தனை அழகு.

"அவங்க அப்போ சின்னக் குழந்தை. ஞாபகம் தப்பும். போட்டோ பொய் சொல்லாது."

"அவங்க தினமும் பார்த்திருக்காங்க."

"போட்டோ எடுத்தவனும் பார்த்துத்தான் எடுத்தான். அதோட, இதையெல்லாம் வந்து சொல்றது யாரு? நீ. உனக்கு என்னைக்கு இடது வலது தெரிஞ்சிருக்கு?"

அது உண்மைதான். 'இடது பக்கம் திரும்புங்க' என்று சொல்லிக்கொண்டே வலது பக்கம் கைகாட்டுவேன். ஸ்கூட்டர் ஓட்டும்போது அவர் என் வாயைக் கேட்கவே மாட்டார், கையைத்தான் பார்ப்பார். ஆனால் இது வேறு. இதில் நான் சரி. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்றால் இவரிடம்தான் அந்த முயல் இருக்கிறது.

மார்ச் 15, சனி

பேச்சுவார்த்தை இல்லை. ஆனால் அந்தப் பழைய மௌனம் வேறு, இது வேறு. இது நல்ல காரமான மௌனம். பிசியோ பெண்கூடக் கவனித்துவிட்டாள். "சார் இன்னைக்கு ரொம்பத் தெம்பா இருக்காரே" என்றாள். மரப்படியை எடுத்து வைத்தாள். தெம்பு போய்விட்டது.

சமையலறையில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். ஏன்யா, உன் கைக்கு வந்த உசுரு காலுக்கு எப்பய்யா வரும்?

மார்ச் 16, ஞாயிறு

கண்ணாடி முன் நின்று தலை சீவும்போது பொறி தட்டியது. அப்படியே சீப்புடன் ஓடினேன். போட்டோவைக் கண்ணாடியில் காட்டினேன். எல்லாம் இடம் மாறி நின்றது. புகைபோக்கி வலது பக்கம், மணி சரியான பக்கம். நம்பர்? எட்டைத் திருப்பிப் போட்டாலும் எட்டு! ஏழாம் நம்பர் இன்ஜினாக இருந்தால் வாத்தியார் முதல் நாளே கண்டுபிடித்திருப்பார். இது எட்டு. பின்னால் வெறும் செங்கல் சுவர், ஓர் எழுத்து கிடையாது. ஃபிலிமைத் தலைகீழாக அல்ல, பக்கம் மாற்றிப் போட்டுப் பிரிண்ட் எடுத்திருக்கிறார்கள். அதனால்தான் டீச்சருக்கு அப்பா அப்பா மாதிரி இல்லை!

வாத்தியாருக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். மெதுவாக, "ஐயையோ" என்றார். அப்புறம் சிரிக்க ஆரம்பித்தார். "பசங்களுக்குச் சமச்சீர், கண்ணாடி பிம்பம் எல்லாம் நான்தான் மேடம் நடத்துறேன்."

வீட்டில் இவரிடமும் போட்டோவைக் கண்ணாடியில் காட்டினேன். வெகுநேரம் பார்த்தார். "இருக்கலாம்" என்றார். "இருக்கலாம்னா இருக்குன்னு ஆகாது."

கண்ணாடியை அவர் தலையில் போடாமல் இருந்ததற்கு எனக்கு யாராவது மெடல் தர வேண்டும்.

மார்ச் 19, புதன்

இன்ஜின் இருக்கிறது!! உடைக்கவில்லை, விற்கவில்லை! டீச்சர் போன் செய்தார். ஆலை இப்போது அட்டைப்பெட்டிக் கிடங்கு. அதன் பின்கட்டில் கொடி மூடிக் கிடக்கிறதாம். வாட்ச்மேன் டீச்சரின் பழைய மாணவன். "வலது பக்கம் திரும்பச் சொன்னா இடது பக்கம் திரும்புவான், நீ உன்னைப் பத்திச் சொன்னியே, அதே மாதிரி. அதனால அவனைப் பார்த்துச் சொல்லச் சொல்லலை. நீயே வா" என்றார். ஞாயிறு அன்று லாரி வராது, போய்ப் பார்க்கலாம்.

மார்ச் 20, வியாழன்

இதை அப்படியே எழுதி வைக்க வேண்டும்.

நான்: "ஞாயித்துக்கிழமை போய் நாலு பக்கமும் போட்டோ எடுத்துட்டு வர்றேன். அப்ப நம்புவீங்களா?"

அவர்: "போட்டோவை நம்பாதேன்னு நீதானே ஒரு வாரமா சொல்ற?"

வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். ஆத்திரத்தில், "அப்போ நீங்களே வந்து பாருங்க!" என்று கத்திவிட்டேன்.

நாக்கைக் கடித்துக்கொண்டேன். அவர் ஜன்னலைப் பார்த்தார். இன்ஜினைப் பார்த்தார்.

"கார் சொல்லு" என்றார்.

மார்ச் 23, ஞாயிறு

வந்ததும் வராததுமாக எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கார் கிடங்கு வாசல் வரைதான். அதற்கப்புறம் பழைய தண்டவாளம், கட்டைகள், இடையில் ஜல்லி, முழங்கால் உயரப் புல். டீச்சர் விளையாட்டு நாள் மாதிரி வெள்ளைச் சட்டையில் நின்றார். வாட்ச்மேன் சக்கர நாற்காலி கொண்டுவந்தார். அதன் சக்கரம் முதல் கட்டையிலேயே சிக்கிக்கொண்டது. அவர் அதைப் பார்த்தார். வாக்கரைப் பார்த்தார். என்னைப் பார்க்கவில்லை. நான் ஒரு வார்த்தை பேசவில்லை. வாழ்நாளிலேயே நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

நடந்தார். கட்டைக்குக் கட்டை. வாக்கரை வைத்து, ஒரு கால், இன்னொரு கால். நடுவில் நின்று மூச்சு வாங்கினார். டீச்சர் வாய் திறக்கப் போனார், நான் அவர் கையைக் கிள்ளினேன்.

வாட்ச்மேன் அரிவாளால் கொடியை வெட்டி விலக்கினார். உள்ளே இருந்து இன்ஜின் வந்தது. துரு, பறவை எச்சம், ஓட்டையான பாய்லர். வட்டத் தகடு போயிருந்தது, அதன் வட்டத் தடம் மட்டும் இருந்தது. மேஜையில் உள்ளங்கை அளவு பார்த்துப் பழகியதால் எனக்குப் பயமாகக்கூட இருந்தது. இவ்வளவு பெரியதா நீ?

புகைபோக்கி ஆலையைப் பார்த்து நின்றது. கடைசிவரை திரும்பவே இல்லை.

அவர் வலது பக்கத் தொட்டியைத் தடவிக்கொண்டே போனார். மணி இல்லை, யாரோ எப்போதோ கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். ஆனால் அதைத் தாங்கிய இரும்புக் கை இருந்தது. ஓரத்தைச் சாவியால் சுரண்டினார். துரு உதிர்ந்து, மடிப்புக்குள் வெயில் படாத இடத்தில், பெயின்ட். கருநீலம்.

டீச்சர் அந்த நீலத்தில் வைத்த விரலை எடுக்கவே இல்லை.

"வலதுதான்" என்றார் அவர். நான் காத்திருந்த வார்த்தை. ஜெயித்துவிட்டேன் என்று நான் வாயைத் திறப்பதற்குள், "இரு, ரெண்டு பக்கமும் மணி இருந்திருந்தா? அந்தப் பக்கமும் பார்க்கணும்" என்று இன்ஜினைச் சுற்றிக் கிளம்பினார். சந்தேகப் பிராணி! அந்தப் பக்கம் கொடி வெட்டவில்லை. தொட்டி தெரியவில்லை. ஓட்டுநர் ஏறுகிற இரும்புப் படி மட்டும் தெரிந்தது.

சத்தம் வரவில்லையே என்று நான் பின்னால் போனேன். வாக்கர் புல்லில் நின்றது. அவர் படியில் நின்றார். இரண்டு காலும் மேலே. ஒரு கை கைப்பிடியில், ஒரு கை கொடியை இழுத்துக்கொண்டிருந்தது. கம்பத்தில் நிற்பாரே, அந்த நிலை. அந்த இடுப்பு. அந்தத் தோள்.

"மணி மாட்டின ஓட்டை இல்ல. ஒரு துளைகூட இல்ல. டீச்சர் சொன்னதுதான் சரி" என்று அங்கிருந்து கத்தினார். அப்புறம் கீழே பார்த்தார். தான் எங்கே நிற்கிறோம் என்று அப்போதுதான் தெரிந்திருக்க வேண்டும். முகம் வெளிறியது. என் உயிர் என்னிடம் இல்லை.

"பிடிக்கட்டுமா?" என்றேன்.

கைப்பிடியை இன்னொரு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"வேணாம். டேப்பை எடு. வந்தது வந்தோம், அளவெடுத்துட்டுப் போலாம்."

மார்ச் 24, திங்கள்

காலெல்லாம் வலி என்று காலையில் இருந்து புலம்பல். கேட்கக் கேட்கத் திகட்டவில்லை.

மார்ச் 29, சனி

மணியை இடது பக்கத்தில் இருந்து எடுக்கும்போது சூட்டில் தகடு நெளிந்துவிட்டது. என்னைத்தான் பார்த்து முறைத்தார், நான் என்னமோ ஃபிலிமைத் திருப்பிப் போட்ட மாதிரி. வாத்தியார் புதுத் தகடு அனுப்புகிறார். இதுவரை வாங்கினவர்களுக்கெல்லாம் ஒரு திருத்தச் சீட்டும் அனுப்பப் போகிறார், கருநீலம், சிவப்புச் சக்கரம் எல்லாம் போட்டு. அதன் அடியில் டீச்சர் பெயரையும் என் பெயரையும் போடலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கெத்தாகச் சொன்னேன். போனை வைத்துவிட்டு உடனே மகனைக் கூப்பிட்டுச் சொன்னேன்.

பிசியோ பெண் மரப்படியை எடுத்து வைத்தாள். அவர் ஏறி, இறங்கி, "இதை வச்சா இத்தனை நாள் மிரட்டின?" என்றார். அந்தப் பெண் என்னைப் பார்த்தாள். நான் டீ போடப் போய்விட்டேன்.

ஏப்ரல் 9, புதன்

பூசியாகிவிட்டது. டீச்சர் வந்து பார்த்தார். குனிந்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு, ஜன்னலில் இருந்து பார்க்கிற உயரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து பார்த்தார். "ஆங். இப்ப சரி" என்றார். போட்டோவையும் திருப்பிப் பிரிண்ட் எடுத்துக் கொடுத்தோம். அப்பாவைப் பார்த்துவிட்டுக் கைப்பையில் வைத்துக்கொண்டவர், வாசல் வரை போய், மறுபடி எடுத்துப் பார்த்தார்.

ஏப்ரல் 28, திங்கள்

டிப்பார்ட்மென்ட் டாக்டர் பார்த்தார். வேலைக்குப் போகலாம்.

மே 11, ஞாயிறு

ஞாயிறு என்றால் வீட்டில் ஆள் இருப்பதில்லை. வாத்தியார், டீச்சர், வாட்ச்மேன், இவர், நாலு பேரும் சேர்ந்து இன்ஜினுக்குத் துரு சுரண்டுகிறார்கள். கிடங்குக்காரர் சம்மதித்துவிட்டார். இன்று கடைக்கு ஆள் வரவில்லை என்று நான் போக முடியாமல் போயிற்று. எனக்குச் சொந்தமான இன்ஜினை யாரோ தொடுகிற மாதிரி நாளெல்லாம் எரிச்சல்.

மத்தியானம் சாப்பாட்டுக்கு வருவதாகச் சொன்னவர். சாயங்காலமும் ஆயிற்று. பொறுக்க முடியாமல் போன் செய்தேன். பின்னணியில் டங் டங்கென்று சுத்தியல் சத்தம். டீச்சர் யாரையோ விரட்டுகிற சத்தம்.

"எங்கே இருக்கீங்க?"

"பாய்லர் மேல இருக்கேன். அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிட்டார்.

என்ன திமிர் பாருங்கள். ஆறிப்போன சாப்பாட்டின் முன்னால் போனைக் கையில் வைத்தபடியே உட்கார்ந்து, கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தேன்.